பழைய லேப்டாப் நட்சத்திரம் தேடுமா? கரண்ட் பில் எகிறாமல் லினக்ஸில் செய்வது எப்படி?

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதி நிறுத்தியது. விண்டோஸ் 11 ஏறாத லேப்டாப்பைத் தூக்கிப்போட மனமில்லாமல், உபுண்டுவோ லினக்ஸ் மின்ட்டோ போட்டு வைத்திருக்கிறீர்களா? அது நாளில் பாதி நேரம் சும்மா கிடக்கிறதா?

அந்த சும்மா கிடக்கும் நேரத்தை அறிவியல் ஆராய்ச்சிக்குக் கொடுக்க முடியும். ஆனால், மென்பொருளை இன்ஸ்டால் செய்துவிட்டு அப்படியே விட்டால் லேப்டாப் சுடும், ஃபேன் கத்தும், கரண்ட் பில் ஏறும். அடுத்த மாதமே 'நமக்கு எதுக்கு இந்த வேலை' என்று நீக்கிவிடுவோம்.

சில செட்டிங்குகளை மாற்றினால் இதைத் தவிர்க்கலாம். எப்படி என்று பார்ப்போம்.

தன்னார்வக் கணினி ஆராய்ச்சி என்றால் என்ன?

ஒரு பெரிய கணக்கை லட்சக்கணக்கான சிறு துண்டுகளாக வெட்டி, உலகெங்கும் உள்ள வீட்டுக் கணினிகளுக்கு இணையம் வழியாக அனுப்புவார்கள். ஒவ்வொரு கணினியும் தன் துண்டை முடித்து விடையைத் திருப்பி அனுப்பும்.

வேற்றுகிரக சிக்னலைத் தேடிய 'செட்டி அட் ஹோம்' 1999 மே மாதம் தொடங்கியபோது இந்த யோசனை உலகம் முழுக்கப் பிரபலமானது. அதை நடத்திய கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்திலிருந்துதான் 'பாயிங்க்' என்ற இலவச மென்பொருளும் வந்தது. செட்டி அட் ஹோம் 2020 மார்ச்சோடு புதிய வேலை அனுப்புவதை நிறுத்திவிட்டது. ஆனால் பாயிங்க் வழியாக ஐன்ஸ்டைன் அட் ஹோம், ரோசெட்டா அட் ஹோம், செர்ன் ஆய்வகத்தின் எல்ஹெச்சி அட் ஹோம் எனப் பல திட்டங்கள் நடந்திருக்கின்றன. சேரும் முன், நீங்கள் தேர்ந்தெடுக்கும் திட்டம் இப்போது வேலை அனுப்புகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இதனால் உண்மையில் பலன் உண்டா?

உண்டு. அரெசிபோ ரேடியோ தொலைநோக்கியின் தரவை அலசிய ஐன்ஸ்டைன் அட் ஹோம், நொடிக்குச் சுமார் 41 முறை சுழலும் ஒரு பல்சர் நட்சத்திரத்தை 2010-ல் கண்டுபிடித்தது. அதைப் பிடித்துக் கொடுத்தவை அமெரிக்காவிலும் ஜெர்மனியிலும் இருந்த தன்னார்வலர்களின் கணினிகள். ஈர்ப்பு அலைகளைத் தேடும் லைகோ ஆய்வகங்களின் தரவையும் இதே திட்டம் அலசுகிறது. அந்த வரிசையில்தான் மகாராஷ்டிராவின் ஹிங்கோலியில் லைகோ-இந்தியா அமையப்போகிறது.

புரத மூலக்கூறுகளை ஆராயும் ஃபோல்டிங் அட் ஹோம் இன்னொரு உதாரணம். இதற்குத் தனி மென்பொருள் உண்டு. கொரோனா தொடங்கிய 2020 மார்ச்சில் மக்கள் குவிந்ததால், அதன் மொத்த வேகம் நொடிக்கு ஒரு எக்ஸா கணக்கைத் தாண்டியது. அதாவது 1-க்குப் பின் 18 பூஜ்யங்கள். ஒரே இடத்தில் இருக்கும் சூப்பர் கம்ப்யூட்டர் ஒன்று அந்த எல்லையைத் தொட்டதாக உலகத் தரவரிசையில் பதிவானது 2022-ல்தான்.

கரண்ட் பில் எவ்வளவு ஏறும்?

ஒரு கணக்குப் போடுவோம். முழு வேகத்தில் ஓடும் லேப்டாப் 60 வாட் எடுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 24 மணி நேரம் ஓடினால் நாளுக்கு 1.44 யூனிட், மாதத்துக்கு சுமார் 43 யூனிட். யூனிட் ₹8 என்றால் ₹345 ஆகும். ஸ்லாப் தாண்டினால் இன்னும் கூடும்.

அதே லேப்டாப்பைப் பாதி கோர்களில், வேகத்தைக் குறைத்து, 25 வாட்டில், தினமும் 8 மணி நேரம் மட்டும் ஓட்டினால்? மாதத்துக்கு 6 யூனிட். ₹48 தான்.

பணம் மட்டும் பிரச்னை இல்லை. நம் நாட்டு மின்சாரத்தில் பெரும்பகுதி நிலக்கரியிலிருந்து வருகிறது. ஒரு யூனிட்டுக்கு சராசரியாக 0.7 கிலோ கார்பன் டை ஆக்ஸைடு என்று கொண்டால், 43 யூனிட்டுக்கு 30 கிலோ. அதனால் 'எவ்வளவு வேகமாக ஓடுகிறது' என்பதை விட, 'ஒரு யூனிட் கரண்டுக்கு எத்தனை சரியான விடை வருகிறது' என்பதே சரியான அளவுகோல்.

எந்த செட்டிங்கை முதலில் மாற்ற வேண்டும்?

பாயிங்க்கில் பிராசஸரைக் கட்டுப்படுத்த இரண்டு சதவீதங்கள் உண்டு. ஒன்று, எத்தனை சதவீத கோர்களைப் பயன்படுத்தலாம் என்பது. மற்றொன்று, எத்தனை சதவீத நேரம் பயன்படுத்தலாம் என்பது. பலரும் இரண்டாவதைக் குறைப்பார்கள். அப்படிச் செய்தால் வேலை சில நொடிகள் ஓடி, சில நொடிகள் நிற்கும். பிராசஸர் சூடாவதும் குளிர்வதுமாக, ஃபேன் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும்.

நேரத்தை 100 சதவீதத்தில் விட்டு, கோர்களை 50 சதவீதமாகக் குறையுங்கள். சூடு சீராக இருக்கும்.

வேகத்தைக் குறைத்தால் வேலையும் குறையாதா?

குறையும். ஆனால் கரண்ட் அதைவிட அதிகமாகக் குறையும். பிராசஸர் எடுக்கும் மின்சாரம் அதன் வேகத்தையும், மின்னழுத்தத்தின் இருமடியையும் பொறுத்தது. உச்ச வேகத்துக்குப் போக மின்னழுத்தமும் ஏற வேண்டும். அந்தக் கடைசி 20 சதவீத வேகத்துக்குத்தான் அதிக விலை.

லினக்ஸில் இதைக் கட்டுப்படுத்துவது சுலபம். உபுண்டுவின் பவர் மெனுவில் 'பவர் சேவர்' தேர்ந்தெடுப்பது எளிய வழி. டெர்மினல் பழக்கம் உள்ளவர்கள் 'சிபியு பவர்' என்ற கருவியால் உச்ச வேகத்துக்கு வரம்பு வைக்கலாம், டர்போவை அணைக்கலாம். 'எல்எம் சென்ஸார்ஸ்' போட்டுக்கொண்டால் வெப்பநிலை தெரியும். டெஸ்க்டாப்பில் என்விடியா கிராஃபிக்ஸ் கார்டு இருந்தால், அதன் டிரைவரோடு வரும் கருவியிலேயே வாட் வரம்பு வைக்கலாம்.

நான் வேலை செய்யும்போது லேப்டாப் திணறுமா?

பாயிங்க் தன் கணக்குகளை மிகக் குறைந்த முன்னுரிமையில்தான் ஓட்டும். ஆனால் இன்றைய லினக்ஸ் டெஸ்க்டாப்புகள் பிராசஸர் நேரத்தைப் பல சமயம் குழு குழுவாகப் பிரித்துக் கொடுப்பதால், அந்த முன்னுரிமை மட்டும் போதாமல் போகலாம்.

அதனால் இன்னொரு செட்டிங் முக்கியம். மற்ற மென்பொருள்கள் 25 சதவீதத்துக்கு மேல் பிராசஸரைப் பயன்படுத்தினால் பாயிங்க் தானாக நின்றுகொள்ளும்படி வைக்கலாம். ராத்திரி 11 முதல் காலை 7 வரை மட்டும் என்று நேரமும் குறிக்கலாம். கூரையில் சோலார் இருந்தால் பகல் நேரமே லாபம். பேட்டரியில் ஓடும்போது நிறுத்தும் செட்டிங்கை ஆன் செய்து வையுங்கள். கரண்ட் போகும்போது பேட்டரி காலியாகாது.

கரண்ட் கட்டானால் செய்த வேலை வீணா?

முழுசாக வீணாகாது. கணக்குகள் அவ்வப்போது தங்கள் நிலையை டிஸ்க்கில் சேமிக்கும். மெஷின் திடீரென அணைந்தால், கடைசியாகச் சேமித்த இடத்திலிருந்து தொடரும். இயல்பாக 60 நொடி இடைவெளி இருக்கும். எஸ்எஸ்டி தேயும் என்று கவலைப்பட்டால் 5 நிமிடமாக மாற்றலாம். அடிக்கடி கரண்ட் போகும் ஊர் என்றால் மாற்ற வேண்டாம்.

வேலையை நிறைய வாங்கிக் குவிக்காதீர்கள். ஒவ்வொரு துண்டுக்கும் கெடு உண்டு. கெடு தாண்டினால் அதே துண்டு இன்னொருவருக்குப் போகும். நீங்கள் செலவழித்த கரண்டும் வீண். அரை நாளுக்கான இருப்பு போதும்.

பல திட்டங்கள் ஒரே துண்டை இரண்டு கணினிகளுக்கு அனுப்பி விடைகளை ஒப்பிடும். சூட்டில் தடுமாறியோ, ஓவர்கிளாக் செய்தோ வரும் தப்பான விடை நிராகரிக்கப்படும்.

எதில் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்?

முதலில், ஆபீஸ் லேப்டாப். எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் போடவே போடாதீர்கள். அமெரிக்காவின் ஜார்ஜியா மாகாணத்தில், கல்லூரிக் கணினிகளில் இப்படியொரு மென்பொருளைப் போட்ட ஊழியர் மீது கிரிமினல் வழக்கே பாய்ந்தது. 2002-ல் கண்காணிப்புக் காலம், சமூக சேவை, பணம் என்ற சமரசத்தில்தான் அது முடிந்தது.

அடுத்து, பேட்டரி. எப்போதும் சார்ஜரிலேயே இருக்கும் லேப்டாப்பில் சார்ஜ் வரம்பை 80 சதவீதமாக வையுங்கள். பல மாடல்களில் இந்த வசதி உண்டு. பேட்டரி உப்பியிருந்தால் பயன்படுத்துவதை உடனே நிறுத்துங்கள். மெத்தை மேல் வைத்து ஓட்டாதீர்கள். ஃபேனில் அடைந்த தூசியை எடுத்தாலே வெப்பம் நன்றாகக் குறையும்.

மூன்றாவது, பாதுகாப்பு. பாயிங்க்கை உங்கள் லினக்ஸின் அதிகாரபூர்வ தொகுப்பிலிருந்து மட்டும் நிறுவுங்கள். உபுண்டு, டெபியனில் அது தனிப் பயனர் கணக்கில் ஓடும்.

சரி, எங்கிருந்து தொடங்குவது?

ஒரே ஒரு திட்டத்தில் சேருங்கள். சுவரில் செருகும் வாட் மீட்டர் ஒன்று கிடைத்தால் நல்லது. முதல் வாரம் எதையும் மாற்றாமல் ஓட்டி, எத்தனை யூனிட் செலவானது, எத்தனை விடைகள் ஏற்கப்பட்டன என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு வாரத்துக்கு ஒரு செட்டிங் மட்டும் மாற்றுங்கள்.

ஒரு யூனிட்டுக்கு அதிக விடை தரும் செட்டிங்கே உங்கள் மெஷினுக்குச் சரியானது. பத்து வருஷப் பழைய மெஷின் என்றால், யூனிட்டுக்கு மிகச் சில விடைகளே வரலாம். அப்போது அதற்கு ஓய்வு கொடுத்துவிட்டு, தினமும் எப்படியும் ஆன் செய்து வைக்கும் உங்கள் புது மெஷினின் இரண்டு கோர்களைக் கொடுங்கள். அதுவே ஆராய்ச்சிக்கும் கரண்ட் பில்லுக்கும் நல்லது.