ஒரு கம்ப்யூட்டர், ஐந்து வருமானம்

"பையன் நன்றாக கீபோர்ட் வாசிக்கிறான். மியூசிக் டைரக்டர் ஆக வேண்டும் என்கிறான். எந்த கம்ப்யூட்டர் வாங்கலாம்?" புதிதாக கம்ப்யூட்டர் வாங்குபவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. நான் சாப்ட்வேர் நிறுவனத்தில் வேலை பார்ப்பவன், இசை தெரியாது. ஆனால் சாலிகிராமத்தில் என்னோடு ஒரே வீட்டில் வாடகைக்கு இருக்கும் நண்பர் 26 வயது கீபோர்ட் கலைஞர். மாதச் சம்பளம் கிடையாது. வரும் வேலைகளைத் தனித்தனியாகச் செய்து வாழும் ப்ரீலான்ஸ் கலைஞர். அவருடைய கம்ப்யூட்டரைப் பார்த்துக் கொள்வது என் வேலை. அந்த அனுபவத்தில் பதில் சொல்கிறேன்.

இசையமைப்பாளர் என்றதும் சினிமா டைட்டிலில் வரும் பெயர்தான் நம் நினைவுக்கு வருகிறது. அந்தப் பெயர் வருவதற்கு முன் வயிற்றுக்காகச் செய்யும் வேலைகள் பல உண்டு. இளையராஜா 1976ல் அன்னக்கிளி வருவதற்கு முன் ஜி.கே.வெங்கடேஷிடம் உதவியாளராக இருந்தார். ஏ.ஆர்.ரஹ்மான் 1992ல் ரோஜா வருவதற்கு முன் மற்றவர்களின் குழுவில் கீபோர்ட் வாசித்தார், விளம்பரங்களுக்கு இசையமைத்தார். இன்றும் பாதை அதுதான். ஆனால் இப்போது இந்த வேலைகளில் பெரும்பாலானவை ஒரே கம்ப்யூட்டர் வழியாக நடக்கின்றன. ஒவ்வொரு வேலைக்கும் அந்தக் கம்ப்யூட்டர் வேறு விதமாகத் தயாராக வேண்டும். நண்பரின் ஐந்து வேலைகளையும் வரிசையாகப் பார்ப்போம்.

1. மேடைக் கச்சேரி

கல்யாண ரிசப்ஷன், கோவில் திருவிழா லைட் மியூசிக் ஆகியவற்றில் நண்பர் கீபோர்ட் வாசிக்கிறார். பத்து வயலின் கலைஞர்களை மேடைக்கு அழைத்து வர முடியாது. எனவே அந்தப் பகுதி மட்டும் லேப்டாப்பில் இருந்து ஒலிக்கும். இதில் ஒரு சின்ன தந்திரம் உள்ளது. ஸ்டீரியோ பைலில் இடது, வலது என இரண்டு பாதைகள் உண்டல்லவா? இடது பாதையில் தாளத்தைக் காட்டும் 'டிக் டிக்' ஒலியை மட்டும் வைத்து, அதை டிரம்ஸ் கலைஞரின் காதுக்கு அனுப்புகிறார்கள். வலது பாதையில் உள்ள இசை மட்டும் ஸ்பீக்கருக்குப் போகும்.

இந்த வேலையில் கம்ப்யூட்டர் வாயை மூடிக் கொண்டிருக்க வேண்டும். பாட்டின் நடுவே விண்டோஸ் 'டிங்' என்று மணி அடித்தால் ஆயிரம் பேருக்குக் கேட்கும். கண்ட்ரோல் பேனலில் சவுண்ட் பிரிவைத் திறந்து, சவுண்ட்ஸ் என்ற டேபில் கிளிக் செய்து, சவுண்ட் ஸ்கீம் என்ற இடத்தில் நோ சவுண்ட்ஸ் என்பதைத் தேர்ந்தெடுத்து ஓகே செய்திடுங்கள். வை-பை இணைப்பையும் நிறுத்தி விடுங்கள். வீட்டில் கூட்டம் கூடி வீடியோ பார்க்கும்போது உங்களுக்கும் இது பயன்படும்.

2. புரோகிராமிங்

நானும் புரோகிராமர், அவரும் புரோகிராமர் என்றால் எங்கள் வீட்டுக்காரர் குழம்பி விடுகிறார். இசைத்துறையில் புரோகிராமர் என்பவர், இசையமைப்பாளர் சொல்லும் மெட்டுக்கு ஏற்ற வாத்தியங்களையும் தாளங்களையும் கம்ப்யூட்டரில் அமைத்துத் தருபவர். இதற்கு அடிப்படை மிடி. 1983ல் வெளியான இந்த முறையை இன்றும் உலகம் முழுவதும் பயன்படுத்துகிறார்கள்.

மிடி பைலில் ஒலியே இருக்காது. "60ஆம் எண் கட்டையை இந்த நேரத்தில், இவ்வளவு அழுத்தத்துடன் தட்டு; இந்த நேரத்தில் விடு" என்ற குறிப்புகள் மட்டுமே இருக்கும். கட்டைகளுக்கு 0 முதல் 127 வரை எண்கள் உண்டு. சமையல் குறிப்பு வேறு, சாம்பார் வேறு அல்லவா? மிடி என்பது குறிப்பு. வேவ், எம்.பி.3 பைல்கள் சாம்பார். குறிப்பில் உப்பைக் குறைக்கலாம். ஆக்கிய சாம்பாரில் முடியாது. டைரக்டர் இரவு பதினோரு மணிக்குப் போன் செய்து, "புல்லாங்குழலுக்குப் பதில் வீணை போடுங்கள்" என்றால், மிடியில் வாத்தியத்தை மாற்றினால் போதும். மீண்டும் வாசிக்க வேண்டியதில்லை.

3. விளம்பரமும் குறும்படமும்

இங்கே எல்லாம் நொடிக் கணக்கு. 30 நொடி விளம்பரத்துக்கு 31 நொடி இசை கொடுத்தால் ஏற்க மாட்டார்கள். அதோடு சாம்பிள் ரேட் என்ற அளவையும் கவனிக்க வேண்டும். ஒலியை ஒரு நொடிக்கு எத்தனை முறை அளந்து பதிவு செய்கிறோம் என்பதுதான் இது. ஆடியோ சிடிக்கு இது 44,100 முறை. வீடியோ, சினிமா வேலைகளுக்கு 48,000 முறை. 48,000 கணக்கில் பதிவான பைலை, மாற்றம் செய்யாமல் 44,100 வேகத்தில் ஓட்டினால் 60 நொடி இசை 65 நொடிக்கு மேல் நீளும். சுருதியும் ஒன்றரை ஸ்வர இடம் அளவுக்கு இறங்கி விடும். பாடகிக்குச் சளி பிடித்தது போல் கேட்கும். எனவே வேலையை ஒப்புக் கொள்ளும் போதே, "48ஆ, 44.1ஆ?" என்று நண்பர் கேட்டு விடுகிறார்.

4. வீட்டில் குரல் பதிவு

பாடுபவர் ஹெட்போனில் தன் குரலைக் கேட்டுக் கொண்டே பாடுவார். குரல் கம்ப்யூட்டருக்குள் போய் வருவதற்குள் சற்றுத் தாமதம் ஏற்படும். பபர் என்ற அளவுதான் இதைத் தீர்மானிக்கிறது. 48,000 சாம்பிள் ரேட்டில் பபர் 256 என்றால் தாமதம் சுமார் 5 மில்லி நொடி. 1024 என்றால் 21 மில்லி நொடி. உள்ளே வரும்போது ஒரு முறை, வெளியே போகும்போது ஒரு முறை என இது இரட்டிப்பாகும். 40 மில்லி நொடி தாண்டினால் பாடுபவருக்குத் தாளம் தடுமாறும். பபரை மிகவும் குறைத்தாலோ கம்ப்யூட்டர் திணறி, ஒலியில் 'படபட' என்று வெடிப்பு வரும். எனவே பதிவு செய்யும்போது குறைவாகவும், பின்னர் ஒலிகளைக் கலக்கும்போது அதிகமாகவும் வைக்க வேண்டும். கம்ப்யூட்டருடன் வரும் சவுண்ட் வசதி இந்த வேகத்துக்கு ஈடு கொடுக்காது. யு.எஸ்.பி.யில் இணைக்கும் ஆடியோ இன்டர்பேஸ் என்ற சிறு பெட்டி தேவை. அதனுடன் வரும் ஆசியோ டிரைவரைப் பதிந்து கொள்ள வேண்டும்.

5. ஆன்லைன் வகுப்பு

டிரினிட்டி கிரேடு தேர்வு எழுதும் குழந்தைகளுக்கு நண்பர் மாலையில் வகுப்பு எடுக்கிறார். மற்ற வேலைகள் வராத மாதத்திலும் வாடகை கட்டுவது இந்த வருமானம்தான். வீடியோ அழைப்பு சாப்ட்வேர்கள் பேச்சுக்காக எழுதப்பட்டவை. விடாமல் நீளும் ஒலியை மின்விசிறிச் சத்தம் என்று நினைத்து அழுத்தி விடும். நீண்ட ஸ்வரம் பாதியிலேயே தேய்ந்து போவது அதனால்தான். ஜூம் சாப்ட்வேரில் ஆடியோ செட்டிங்ஸ் சென்று, ஒரிஜினல் சவுண்ட் பார் மியூசிசியன்ஸ் என்பதை இயக்கினால் இந்தத் தொல்லை தீரும். உங்கள் குழந்தை ஆன்லைனில் பாட்டோ வயலினோ கற்றுக் கொண்டால் இன்றே இதைச் செய்து பாருங்கள்.

பிழைப்பைக் காப்பது எது?

இந்த ஐந்துக்கும் நடுவே கிடைக்கும் நேரத்தில்தான் அவர் தன் சொந்த மெட்டுகளைப் போடுகிறார். இப்படிச் சிதறிக் கிடக்கும் வேலைகளைச் சேர்த்துக் கட்டும் கயிறு எது என்றால், விலை உயர்ந்த இசை சாப்ட்வேர் இல்லை. பைல்களை ஒழுங்காக வைக்கும் பழக்கம்தான்.

ஒரு விளம்பர நிறுவனம், இரண்டு ஆண்டுகளுக்கு முன் செய்த இசையை மீண்டும் கேட்டது. "20 நொடியாகக் குறையுங்கள். தமிழ்க் குரலை எடுத்து விட்டுத் தெலுங்குக் குரல் சேர்க்க வேண்டும்." நண்பரிடம் ஒவ்வொரு வாத்தியமும் குரலும் தனித்தனி வேவ் பைலாக இருந்தன. ஒரு மாலையில் வேலை முடிந்தது. புதிதாகப் பணமும் வந்தது. அவருடன் மேடையில் வாசிக்கும் இன்னொருவருக்கும் இதே போல் அழைப்பு வந்தது. அவருடைய ஹார்ட் டிஸ்க் பழுதாகி, மிஞ்சியது எம்.பி.3 மட்டும். அதில் எல்லாம் கலந்து விட்டது. கலந்த ஒலியைப் பிரிக்கும் சாப்ட்வேர்கள் இன்று இருக்கின்றன; ஆனால் தனித்தனியாகப் பதிவு செய்த தரம் அதில் கிடைப்பதில்லை. வேலை வேறு ஒருவருக்குப் போய் விட்டது.

உரிமை விஷயமும் இருக்கிறது. 2012ல் திருத்தப்பட்ட பதிப்புரிமைச் சட்டப்படி, ஒரு படத்துக்கு இசையமைத்துப் பணம் வாங்கிய பிறகும், தியேட்டருக்கு வெளியே அந்த இசை பயன்படும்போது கிடைக்கும் ராயல்டியில் இசையமைப்பாளரின் பங்கை அவரே நினைத்தாலும் எழுதிக் கொடுத்து விட முடியாது. 1969ல் தொடங்கப்பட்ட ஐ.பி.ஆர்.எஸ். அமைப்பு இதை வசூலித்துத் தருகிறது. ஆனால் உறுப்பினராகி, எந்தப் படைப்பு, யார் பங்கு என்று பதிவு செய்ய வேண்டும். தேதியும் பெயரும் இல்லாத 'நியூ சாங் 7' என்ற பைலை வைத்துக் கொண்டு என்ன பதிவு செய்ய முடியும்?

நண்பருக்கு நான் அமைத்துக் கொடுத்த முறை இது:

* ஒவ்வொரு வேலைக்கும் ஒரு போல்டர். பெயரில் தேதி, வாடிக்கையாளர், சாம்பிள் ரேட் மூன்றும் இருக்க வேண்டும்.

* வேலை முடிந்ததும் எல்லா டிராக்கையும் தனித்தனி வேவ் பைலாக மாற்றி வையுங்கள். அனைத்தும் பாட்டின் தொடக்கப் புள்ளியில் இருந்தே தொடங்க வேண்டும். பத்து ஆண்டு கழித்து அந்த சாப்ட்வேர் இல்லாவிட்டாலும், வேறு எதிலும் அடுக்கிக் கொள்ளலாம்.

* மூன்று பிரதிகள். ஒன்று கம்ப்யூட்டரில், ஒன்று வெளி ஹார்ட் டிஸ்க்கில், ஒன்று இணைய டிரைவில். 48,000 சாம்பிள் ரேட், 24 பிட் தரத்தில், 40 டிராக் கொண்ட ஐந்து நிமிடப் பாட்டு சுமார் 1.7 ஜி.பி. இடம் பிடிக்கும். கணக்குப் போட்டு டிஸ்க் வாங்குங்கள்.

என்ன வாங்கலாம்?

16 ஜி.பி. ராம், எஸ்.எஸ்.டி. டிரைவ் உள்ள சாதாரண கம்ப்யூட்டர் தொடங்கப் போதும். மீதிப் பணத்தில் ஆடியோ இன்டர்பேஸ், நல்ல ஹெட்போன், வெளி ஹார்ட் டிஸ்க் வாங்குங்கள். பதிவு செய்ய, வெட்டி ஒட்ட ஆடாசிட்டி, மிடி வேலைக்கு எல்.எம்.எம்.எஸ். இரண்டும் இலவசம். மேக் கம்ப்யூட்டர் என்றால் கராஜ்பேண்ட் இலவசமாகக் கிடைக்கும். கிராக் செய்த சாப்ட்வேர் பக்கம் மட்டும் போக வேண்டாம். அதனுடன் வரும் வைரஸ் முதலில் அழிப்பது உங்கள் பையனின் பாட்டாக இருக்கலாம்.

கம்ப்யூட்டர் வீட்டுக்கு வந்த அன்றே, அவன் போட்ட முதல் மெட்டுக்குத் தேதியுடன் ஒரு போல்டர் திறந்து, வெளி டிஸ்க்கில் ஒரு பிரதி எடுத்து வைக்கச் சொல்லுங்கள். சுமாரான மெட்டாக இருந்தாலும் பரவாயில்லை.