கரும்புப் பாகு மணக்கும் வெள்ளை மலையூர்

கத்திரிக்காயை வட்ட வட்டமாக அரிந்து, மாவில் புரட்டி, எண்ணெயில் மொறுமொறுவெனப் பொரித்து, அதன் மேல் கரும்புப் பாகை ஊற்றித் தின்றிருக்கிறீர்களா? நான் தின்றேன். பினாங்கிலோ ஈப்போவிலோ அல்ல. ஸ்பெயின் நாட்டின் தெற்குக் கோடியில், மலைச் சரிவில் தொற்றிக்கொண்டிருக்கும் பிரிஹிலியானா என்ற சிற்றூரில்!

தோட்டப் பள்ளி ஆசிரியைக்கு ஸ்பெயின் ஏது என்று கேட்பீர்கள். என் தம்பி லண்டனில் மருத்துவமனைத் தாதியாக வேலை பார்க்கிறான். பல வருடமாய்ச் சேர்த்த பணத்தில் எனக்கு விமானச் சீட்டு எடுத்தான். “பெரிய பட்டணங்களை எல்லாரும் பார்த்துவிட்டு வருகிறார்கள் அக்கா. உனக்குக் கரும்பு ஆலை இருக்கிற ஓர் ஊரைக் காட்டுகிறேன். உன் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்ல உதவும்” என்றான். செப்டம்பர் பள்ளி விடுமுறையில் புறப்பட்டேன்.

விமானம் இறங்கிய நகரத்தின் பெயர் மலாகா. நம் மலாக்காவின் உடன்பிறப்பைப் போல் பெயர், உறவு ஒன்றுமில்லை. அங்கிருந்து கிழக்கே கடலோரமாக ஐம்பது கிலோமீட்டர் பேருந்துப் பயணம். நெர்ஹா என்ற கடற்கரை ஊரில் இறங்கி, வேறு பேருந்தில் ஆறு கிலோமீட்டர் மலை ஏறினோம். வளைந்து வளைந்து போன சாலை திடீரென்று திரும்பியது. எதிரே மலைமேல் யாரோ துணி உலர்த்தியது போல் வெள்ளை வெளேரென்று ஓர் ஊர்!

படியே தெருவான ஊர்

பிரிஹிலியானா கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 300 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. குடியிருப்போர் மூவாயிரம் பேர் அளவில்தான். பழைய பகுதியில் காருக்கு வழி கிடையாது. தெரு என்பதே படிக்கட்டுதான். இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டி நிற்க வேண்டும். காலடியில் கூழாங்கற்களைக் கோலம் போல் பதித்திருக்கிறார்கள். வீடுகள் எல்லாம் சுண்ணாம்பு வெள்ளை, கதவுகள் நீலமும் பச்சையும், வாசலில் பூத்தொட்டிகள்.

“ஏன் தெருவை இப்படிக் குறுக்கிவிட்டார்கள்?” என்று தம்பியைக் கேட்டேன். அந்த நண்பகலில் கடலோரத்தில் வெயில் மண்டையைப் பிளந்தது. இந்தச் சந்துக்குள்ளோ நிழலும் குளுமையும்! வெயிலை அறிந்தவர்கள் கட்டிய ஊர் என்பது அப்போது விளங்கியது.

அவர்கள் யார்? கி.பி. 711இல் வட ஆப்பிரிக்காவிலிருந்து முஸ்லிம்கள் ஸ்பெயினுக்குள் வந்தார்கள். தென்பகுதியில் ஏறக்குறைய எண்ணூறு ஆண்டுகள் அவர்கள் ஆட்சி இருந்தது. மலையைப் படிப்படியாக வெட்டிக் கழனி ஆக்கியதும், ஊற்று நீரை வாய்க்கால் வழியே கொண்டுவந்து முறை வைத்துப் பாய்ச்சியதும் அவர்கள் கைவேலை. வாய்க்காலுக்கு ஸ்பானிய மக்கள் இன்றும் அரபுச் சொல்லிலிருந்து பிறந்த பெயரையே சொல்கிறார்கள்.

சுவர் சொல்லும் கதை

படி ஏறிப் போகையில் சுவரில் பதித்த ஓட்டுப் பலகை ஒன்றைக் கண்டேன். படமும் எழுத்துமாய் இருந்தது. இன்னும் மேலே ஏறினால் இன்னொன்று. மொத்தம் பன்னிரண்டு. ஊரின் பழைய கதையைத் தெருச் சுவரிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். தம்பி ஒவ்வொன்றாய்ப் படித்துச் சொல்லச் சொல்ல என் கால் வலி மறந்துவிட்டது. நெஞ்சு வலிக்கத் தொடங்கியது.

1492இல் கிரானடா அரசு வீழ்ந்தது. முதலில், உங்கள் மதம் உங்களுக்கு என்று உறுதி தந்தார்கள். பத்தே ஆண்டில் அந்த வாக்கு போயிற்று. மதம் மாறு, அல்லது நாட்டை விட்டுப் போ என்றார்கள். மாறியவர்களுக்கு மொரிஸ்கோ என்று பெயர். அதோடும் விடவில்லை. 1567இல் இரண்டாம் பிலிப் மன்னரின் ஆணை வந்தது: அரபு மொழி பேசக் கூடாது, எழுதக் கூடாது, பழைய உடை கூடாது, பழைய பழக்கவழக்கம் கூடாது!

தாய்மொழியைப் பேசாதே என்றால் மனிதன் எத்தனை நாள் பொறுப்பான்? 1568ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் சமயத்தில் மலை நாட்டில் கலகம் வெடித்தது. சுற்றுவட்டார மக்கள் பெண்டு பிள்ளைகளோடு பிரிஹிலியானாவுக்கு மேலுள்ள மலை உச்சியில் ஏறிக்கொண்டார்கள். 1569 ஜூன் மாதம் மன்னரின் படை அதைச் சுற்றி வளைத்து ஏறியது. மேலிருந்தவர்கள் பாறைகளை உருட்டிவிட்டுப் போராடினார்கள். கடைசியில் உச்சி விழுந்தது. பிடிபடுவதைவிடச் சாவதே மேல் என்று பெண்கள் பாறையிலிருந்து குதித்ததாக அக்கால வரலாற்று நூல் சொல்கிறது.

மிஞ்சியவர்களை அரசு விட்டுவைக்கவில்லை. 1570இல் கிரானடா நாட்டு மொரிஸ்கோக்களைப் பல்லாயிரக்கணக்கில் வடக்கே ஓட்டிச் சென்றார்கள். வழியில் பசியாலும் குளிராலும் மாண்டவர்கள் பலர். 1609க்கும் 1614க்கும் இடையே ஸ்பெயின் முழுவதிலிருந்தும் சுமார் மூன்று லட்சம் மொரிஸ்கோக்கள் கடல் கடந்து விரட்டப்பட்டார்கள். காலியான வீடுகளில் வேறு இடத்து ஏழைக் குடியானவர்களைக் கொண்டுவந்து வைத்தார்கள். இன்று பிரிஹிலியானாவில் இருப்பவர்களில் பலர் அப்படி வந்தவர்களின் வழியினர்.

ஆலையும் பாகும்

ஊர் வாசலில் ஒரு பெரிய பழைய மாளிகை. பிரபுக் குடும்பத்தார் 16ஆம் நூற்றாண்டில் கட்டிய அந்த மாளிகை பின்னாளில் கரும்பு ஆலையாயிற்று. இன்றும் அங்கே கரும்புப் பாகு காய்ச்சுகிறார்கள். ஐரோப்பாவில் இத்தொழில் நடக்கும் ஒரே ஆலை இதுதான் என்று ஊரார் பெருமையாய்ச் சொல்கிறார்கள். அவர்கள் அதைக் கரும்புத் தேன் என்கிறார்கள். கறுப்பாய், கெட்டியாய், சிறு கசப்போடு நம் வெல்லப் பாகு மாதிரியே இருக்கிறது. கத்திரிக்காய்ப் பொரியல் மேல் ஊற்றியது இதைத்தான்.

கரும்பு இங்கே எப்படி வந்தது? நியூகினியில் பிறந்த கரும்பு இந்தியாவுக்கு வந்தது. இந்தியாவில் அதைச் சர்க்கரையாக்கக் கற்றார்கள். அரேபியர் அதை மத்தியதரைக் கடற்கரைக்குக் கொண்டுபோனார்கள். ஸ்பானிய மொழியில் சர்க்கரைக்கு ‘அசூக்கர்’ என்று பெயர். நம் ‘சர்க்கரை’யும் அதுவும் ஒரே வேரில் கிளைத்தவை. கத்திரிக்காய்க்கு அவர்கள் சொல்லும் பெயரும் அரபு, பாரசீகம், வடமொழி எனப் பின்னோக்கிப் போய், ‘வழுதுணங்காய்’ என்ற நம் பழஞ்சொல்லில் முடிவதாக மொழியறிஞர் கூறுவர்.

கரும்பின் கதையில் கசப்பும் உண்டு. 1493இல் கொலம்பஸ் தம் இரண்டாம் பயணத்தில் கரும்பைக் கப்பலேற்றினார். அது கரீபியத் தீவுகளில் வேரூன்றியது. அதை வெட்ட ஆப்பிரிக்க மக்களை அடிமைகளாய்க் கொண்டுபோனார்கள். அடிமை முறை ஒழிந்த பின் மொரிஷியசுக்கும், நெட்டாலுக்கும், பீஜிக்கும் ஒப்பந்தக் கூலிகளாய் நம்மவர் போனார்கள். நம் நாட்டிலும் ரப்பர் வருவதற்கு வெகு முன்பே, இன்று செபராங் பிறை என்று அழைக்கும் பகுதியின் கரும்புத் தோட்டங்களுக்குத்தான் தமிழர் கப்பலேறி வந்தார்கள். அந்த ஆலை வாசலில் நின்றபோது ஏதோ சொந்தக்காரர் வீட்டு முற்றத்தில் நிற்பது போல் இருந்தது.

பிரிஹிலியானாவைச் சுற்றிக் கரும்புக் கொல்லை ஏதும் என் கண்ணில் படவில்லை. அடுத்த மாவட்டமான கிரானடாவின் கடலோரத்தில் கடைசிச் சர்க்கரை ஆலை 2006இல் மூடப்பட்டது. அதோடு ஓராயிரம் வருடக் கரும்பு விவசாயம் அங்கே ஓய்ந்தது.

வெயிலில் காயும் உழைப்பு

மறுநாள் காலை ஊருக்கு வெளியே நடந்தோம். சரிவான நிலத்தில் நீள நீளமாய்ப் பாத்தி கட்டி, கொடிமுந்திரிக் குலைகளைப் பரப்பிக் காயவைத்திருந்தார்கள். மலைச் சரிவில் இயந்திரம் ஏறாது. குலை அறுப்பதும், சுமப்பதும், ஒவ்வொரு குலையாய்ப் புரட்டிப் போடுவதும் கைவேலைதான். சுமைக்குக் கோவேறு கழுதை. காய்ந்த பின் காம்பைக் கத்தரியால் வெட்டி எடுப்பார்கள். இந்த வட்டாரத்துக் காய்ந்த திராட்சைத் தொழிலை ஐக்கிய நாடுகளின் உணவு, விவசாய நிறுவனம் 2017இல் உலக மரபுச் செல்வமாக ஏற்றுக்கொண்டது. ஆனால் பட்டயம் முதுகு வலியைத் தீர்க்குமா?

அங்கே குனிந்து வேலை செய்துகொண்டிருந்த முதியவருக்கு எழுபதுக்கு மேல் இருக்கும். கையைப் பார்த்தேன். நாற்பது வருடம் பால்மரம் வெட்டிய என் அப்பாவின் கை மாதிரியே காய்த்துப் போயிருந்தது. தம்பி வழியாகப் பேசினேன். பிள்ளைகள் எங்கே என்றேன். ஒருவர் மலாகாவில், ஒருவர் பார்சலோனாவில். திராட்சைக்கு யாரும் வரமாட்டார்கள் என்றார்.

பிறகு மனத்தில் உறுத்திக்கொண்டிருந்ததைக் கேட்டேன். “ஐயா, விரட்டப்பட்டவர்கள் வேறு மதம், வேறு மொழி. நீங்களோ அவர்கள் வீட்டில் குடியேறியவர்களின் பிள்ளைகள். அவர்கள் கதையை ஏன் உங்கள் சுவரில் எழுதி வைத்தீர்கள்?”

அவர் தொப்பியைக் கழற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டார். “என் வீட்டுக்கு அடிச்சுவர் அவர்கள் போட்டது. என் கொல்லைக்குத் தண்ணீர் வரும் வாய்க்கால் அவர்கள் வெட்டியது. அந்தத் தண்ணீரைக் குடித்துக்கொண்டு அவர்களை மறந்தால் எனக்கு விக்காதா?” என்றார்.

நான் பதில் பேசவில்லை. நாங்கள் பிறந்து வளர்ந்த லயம் இப்போது இல்லை. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. சனங்கள் பட்டணத்து அடுக்கு வீடுகளுக்குப் போனார்கள். அப்பா பிறந்த வீட்டுக்கு இன்று ஒரு கொய்யா மரம்தான் அடையாளம். யாரும் எங்களைப் படை கொண்டு விரட்டவில்லை. இரண்டு துயரமும் ஒரே அளவு என்று சொல்ல மாட்டேன். ஆனால் அங்கே காடு வெட்டியவர் யார், பாதை போட்டவர் யார் என்று எந்தச் சுவரும் சொல்லவில்லை. நானும், இருபது வருடம் வரலாற்றுப் பாடம் நடத்தியவள், எழுதி வைக்கவில்லை.

ஊர் திரும்பிய முதல் வாரம் ஐந்தாம் ஆண்டு மாணவர்களுக்கு வீட்டுப்பாடம் கொடுத்தேன். தாத்தா பாட்டியிடம் உட்கார்ந்து, அவர்கள் எந்தத் தோட்டத்தில், எத்தனையாம் நம்பர் லயத்தில் இருந்தார்கள், என்ன வேலை செய்தார்கள் என்று கேட்டு ஒரு பக்கம் எழுதி வரச் சொன்னேன். பத்தொன்பது பிள்ளைகள் எழுதி வந்தார்கள். ஒரு பையன் மட்டும் வெறுங்கையோடு நின்றான். “பாட்டி சொல்லச் சொல்ல அழுதுட்டாங்க டீச்சர். மிச்சம் நாளைக்குச் சொல்றேன்னாங்க” என்றான்.

“நாளைக்கே கொண்டு வா, ஐயா” என்றேன். பத்தொன்பது தாள்களும் இப்போது வகுப்புச் சுவரில் இருக்கின்றன. இருபதாவதுக்கு இடம் விட்டு வைத்திருக்கிறேன்.