உஷா உதுப்பின் குரலுக்கு யார் பணம் கட்டுகிறார்கள்?

டிசம்பர் 31 நெருங்குகிறது. புத்தாண்டு மேடை போடுகிறவர்கள், மண்டபக்காரர்கள், மெல்லிசைக் குழு நடத்துகிறவர்கள் என்று காரிமங்கலம் பக்கத்திலிருந்து வந்த கடிதங்களில் ஒரே கேள்விதான் திரும்பத் திரும்ப வருகிறது. பாடகி உஷா உதுப்பின் பாட்டை எங்கள் மேடையில் பாடினால் அவருக்குப் பணம் கட்ட வேண்டுமா?

வேண்டாம். இன்னொருவர் பாடும்போது அவருக்கு ஒரு ரூபாயும் போகாது. ஏன் போகாது என்பதுதான் என்னை உறுத்துகிறது.

பதிப்புரிமைச் சட்டத்தின் கண்ணில் பாட்டு என்பது எழுதியவருக்கும் இசையமைத்தவருக்கும் உரியது. ஒலிப்பதிவு தயாரித்தவருக்கு உரியது. பாடகருக்கு மிஞ்சுவது, அன்றைக்கு அவர் பாடிப் பதிவான அந்த ஒரு பாடல் நிகழ்வு மட்டுமே. அதிலும் 1994-இல் வந்த நிகழ்த்துநர் உரிமை, சினிமாவுக்குப் பாடச் சம்மதித்ததுமே கைவிட்டுப் போய்விடுவதாக இருந்தது. 2012 திருத்தம்தான் வணிகப் பயன்பாட்டுக்குப் பாடகருக்கும் ராயல்டி உண்டு என்றது. அதை வசூலிக்க 2013-இல் பாடகர்களே ‘இஸ்ரா’ என்ற அமைப்பைத் தொடங்கினார்கள். ஆகவே டிஜே ஒரு பாடகரின் பதிவைப் போட்டால் அவருக்குப் பங்கு உண்டு. உங்கள் குழுவில் ஒரு பெண் அதே பாணியில் பாடினால் இல்லை.

இப்போது உஷாவின் வாழ்க்கையை நினைத்துப் பாருங்கள். பம்பாயில் தமிழ்க் குடும்பத்தில் 1947-இல் பிறந்தவர். முறையாகச் சங்கீதம் கற்றவரல்ல. 1969-இல் சென்னை மவுண்ட் ரோட்டில் ‘நைன் ஜெம்ஸ்’ விடுதியில் பட்டுப்புடவையும் பெரிய பொட்டுமாக வந்து மேல்நாட்டுப் பாட்டுகளைப் பாடினார். பெண் குரல் என்றால் உச்சஸ்தாயி என்று சினிமா முடிவுகட்டியிருந்த காலத்தில், அடித்தொண்டையிலிருந்து எழுந்த கனத்த குரல் அது. பிறகு கல்கத்தாவின் ‘டிரிங்காஸ்’ விடுதி, 1971-இல் ‘ஹரே ராமா ஹரே கிருஷ்ணா’ படம், ‘டார்லிங்’ பாட்டுக்கு 2012-இல் ஃபிலிம்ஃபேர் விருது, 2024-இல் பத்மபூஷண்.

அவர் பெயரெடுத்ததே பிறர் பாட்டுகளைப் பாடித்தான். கூட்டம் வந்தது பாட்டுக்காக அல்ல, அவர் குரலுக்காக. சட்டமோ அந்தக் குரலைப் படைப்பாக மதிக்காமல், பிறர் சொத்தைப் பயன்படுத்தியவர் என்று மட்டுமே கணக்கு வைக்கிறது. 2017-இல் எஸ்.பி. பாலசுப்ரமணியம் அமெரிக்காவில் கச்சேரி செய்துகொண்டிருந்தபோது இளையராஜா தரப்பிலிருந்து வக்கீல் நோட்டீஸ் போனதே, அதன் அடிப்படையும் இதுதான். தானே பாடிப் பிரபலமாக்கிய பாட்டானாலும் மேடையில் பாட இசையமைப்பாளரின் அனுமதி வேண்டும். இசையமைப்பாளரின் உரிமையை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் பாடகருக்கும் அந்தப் பாட்டில் ஒரு துளி பாத்தியதை இருக்க வேண்டும் என்றே நினைக்கிறேன்.

மற்றக் கேள்விகள்:

கட்டணம் வாங்கிப் பாடும் குழுவுக்கு உரிமம்? வேண்டும், எழுதியவர், இசையமைத்தவர் சார்பில் ஐ.பி.ஆர்.எஸ். என்ற அமைப்பு தரும்.

கல்யாண வரவேற்பு? சட்டத்தின் 52-ஆம் பிரிவு விலக்கு தருகிறது. 2023 ஜூலையில் மத்திய அரசும் அப்படியே அறிவித்தது. ஆனால் இதே விஷயத்தில் கோவா அரசு போட்ட சுற்றறிக்கையை 2024 ஆகஸ்டில் மும்பை உயர் நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது. அரசு அறிவிப்பின் நகலைச் சுவரில் ஒட்டிவிட்டு நிம்மதியாக இருக்காதீர்கள். உங்கள் நிகழ்ச்சி கல்யாணத்தோடு சேர்ந்ததா என்பதே கேள்வி.

காரிமங்கலம் அருணேஸ்வரர் கோயில் விழா? வழிபாட்டுச் சடங்கோடு சேர்ந்த இசைக்கு விலக்கு உண்டு.

பழைய பாட்டு? ஒலிப்பதிவு உரிமை, வெளியான ஆண்டு முடிந்து 60 ஆண்டுகள். 1971 இசைத்தட்டு 2031 டிசம்பர் 31 வரை.

அதன் பிறகு பாட்டும் பொதுவாகிவிடுமா? இல்லை. இசையமைத்தவரும் எழுதியவரும் மறைந்து 60 ஆண்டுகள் கழிய வேண்டும்.