தண்ணீரை விடாத மூலக்கூறு

உடன்குடி, வேம்பார் பக்கத்துப் பனையேறிகள் பாளையைச் சீவிக் கலயம் கட்டுவதற்கு முன் அதன் உள்ளே சுண்ணாம்பு தடவுவார்கள். தடவிய கலயத்தில் ஊறுவது பதநீர், தடவாததில் கள். இரண்டுக்கும் சாறு ஒன்றுதான். 1987 முதல் தமிழ்நாட்டில் கள்ளுக்குத் தடை இருப்பதால், சட்டம் போட்ட கோடும் இந்தச் சுண்ணாம்பின் மேல்தான் ஓடுகிறது.

சிப்பி ஓடுகளைச் சூளையில் சுட்டுச் சுண்ணாம்பு எடுப்பது இந்தக் கடற்கரையின் பழைய தொழில். முத்தும் சிப்பி ஓடும் பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். ஓட்டைச் சுட்டால் கரியமில வாயு வெளியேறும். மிஞ்சுவதில் நீர் ஊற்றினால் நீற்றுச் சுண்ணாம்பு. அதன் காரம், சாற்றில் வந்து சேரும் ஈஸ்ட்டை முடக்கிவிடுகிறது. சாற்றின் சர்க்கரையான சுக்ரோஸ் உடைந்து குளுக்கோஸும் ஃப்ரக்டோஸும் ஆவதையும் தடுக்கிறது. அப்படி உடைந்த சர்க்கரை கூடினால் பாகு இறுகாது, கருப்பட்டி வார்க்க முடியாது. எந்தக் கருவியும் இல்லாமல் கைப்பழக்கத்திலேயே பனையேறிகள் காக்கும் இந்தச் சுண்ணாம்பு அளவு, எங்கள் மாவட்டப் பள்ளிகளில் வேதியியலின் முதல் பாடமாக இருக்க வேண்டியது.

சுண்ணாம்பு இல்லையென்றால் ஈஸ்ட் வேலையைத் தொடங்கிவிடும். ஒரு குளுக்கோஸ் மூலக்கூறிலிருந்து இரண்டு எத்தனால், இரண்டு கரியமில வாயு. கள் நுரைப்பது அந்த வாயுவால்தான். கணக்குப்படி 180 கிராம் குளுக்கோஸ் முழுவதும் புளித்தால் 92 கிராம் எத்தனால் கிடைக்கும்.

எத்தனாலில் இருப்பவை 2 கார்பன், 6 ஹைட்ரஜன், 1 ஆக்சிஜன். இதே ஒன்பது அணுக்களில் ஆக்சிஜனை இரு கார்பன்களுக்கு நடுவே வைத்தால் அது டைமெத்தில் ஈதர். மைனஸ் 24 டிகிரி செல்சியஸிலேயே கொதித்து வாயுவாகிவிடும். எத்தனால் கொதிக்க 78 டிகிரி வேண்டும். அணு ஒன்றுகூட மாறாமல் நூறு டிகிரி வித்தியாசம்! எத்தனாலின் ஆக்சிஜன் ஓரத்தில், ஒரு ஹைட்ரஜனைப் பிடித்தபடி நிற்கிறது. அந்த ஹைட்ரஜன் பக்கத்து மூலக்கூறின் ஆக்சிஜனை நோக்கி ஈர்க்கப்படுகிறது. இந்த ஹைட்ரஜன் பிணைப்புகளை அறுத்தால்தான் எத்தனால் ஆவியாகும்.

தண்ணீரோடும் அதற்கு இதே பிணைப்பு உண்டு. 50 மில்லி எத்தனாலில் 50 மில்லி தண்ணீர் ஊற்றினால் 100 மில்லி வராது. சுமார் 96 மில்லிதான் இருக்கும். இரண்டும் அவ்வளவு நெருங்கிக்கொள்கின்றன. கார்பன்கள் இருக்கும் மறுபக்கமோ எண்ணெய்ப் பொருள்களோடு ஒத்துப்போகும். வாசனைத் திரவியங்களிலும் மருந்துச் சாறுகளிலும் எத்தனால் கரைப்பானாக இருப்பது இந்த இரட்டைக் குணத்தால்.

அதே நெருக்கம் வாலை வடிப்பவருக்குத் தடை. சாதாரண முறையில் எத்தனை முறை காய்ச்சி வடித்தாலும் எடையில் 95.6 சதவீதத்தைத் தாண்ட முடியாது. அதன்பின் தண்ணீரும் எத்தனாலும் அதே விகிதத்திலேயே சேர்ந்து ஆவியாகும். பெட்ரோலில் கலக்கும் எத்தனாலில் இவ்வளவு தண்ணீர் இருக்கக் கூடாது. அதனால் ஆலைகளில் அதன் ஆவியை சியோலைட் என்னும் நுண்துளைப் பொருளாலான மணிகளின் ஊடே செலுத்துகிறார்கள். மணிகளின் துளை 0.3 நானோமீட்டர். தண்ணீர் மூலக்கூறு அதைவிடச் சிறியது, உள்ளே நுழைந்து தங்கிவிடும். எத்தனால் பெரியது, நுழைய முடியாமல் தனியே வெளியேறும்.