தயிர்சாதம் மனச்சோர்வைத் தீர்க்குமா?

தோசைக்கல்லில் முடியும் கதை

மைசூரு மசாலா தோசையின் மாவை இரவெல்லாம் புளிக்கவைப்பவை லியூகோனாஸ்டாக் போன்ற பாக்டீரியாக்கள். சூடான கல்லில் ஊற்றியதுமே அவற்றின் ஆயுள் முடிந்துவிடுகிறது. புளிப்பு மிஞ்சும், உயிர் மிஞ்சாது. ஆகவே தோசை நல்ல உணவுதான், ஆனால் புரோபயாடிக் அல்ல. தயிரில் உயிருள்ள பாக்டீரியாக்கள் உண்டு. ஆனால் உறைமோருக்கு உறைமோர் அவை மாறும். எந்த ரகம், எத்தனை, மனிதரிடம் என்ன பலன் என்று காட்டினால்தான் புரோபயாடிக் என்று சொல்லலாம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் உயிரித் தொழில்நுட்பத் துறையும் 2011-இல் தந்த நெறிமுறையின் சாரம் இதுதான். 1950 முதல் மைசூரு செலுவாம்பா மாளிகையில் இயங்கும் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம் போன்றவற்றின் ஆய்வுக்கூடங்களில் பாக்டீரியாக்களை ரகம் ரகமாகப் பிரித்துப் பார்ப்பதும் இதனால்தான்.

குடல் மூளையோடு பேசும் வழி

மனநிலையோடு தொடர்புள்ள வேதிப்பொருளான செரட்டோனினில் உடலில் 90 சதவீதத்துக்கு மேல் குடலில் உருவாகிறது. ‘அதனால் தயிர் சாப்பிட்டால் மனம் குளிரும்’ என்று பலர் எழுதிவிடுகிறார்கள். குடலில் ஊறும் செரட்டோனின் ரத்தத்துக்கும் மூளைக்கும் இடையிலான தடுப்பைத் தாண்டாது என்பதை அவர்கள் சொல்வதில்லை. குடலுக்கும் மூளைக்கும் உறவு இருப்பது வேறு வழிகளில். 2011-இல் லாக்டோபேசில்லஸ் ராம்னோசஸ் ரகம் ஒன்றை ஊட்டிய எலிகளிடம் பதற்றம் குறைந்தது. குடலையும் மூளையையும் இணைக்கும் வேகஸ் நரம்பை வெட்டிய எலிகளிடம் அந்தப் பலன் தெரியவில்லை. செய்தி போகும் கம்பி எது என்று அந்தச் சோதனை காட்டியது. ஆனால் அதே ரகத்தை ஆரோக்கியமான ஆண்களுக்குக் கொடுத்துப் பார்த்த 2017 ஆய்வில் அந்தப் பலன் கிட்டவில்லை. எலிக்குப் பலித்தது மனிதருக்கும் பலிக்கும் என்று எண்ணுவதில்தான் விளம்பரங்கள் வழுக்குகின்றன.

எது முந்தி?

பெல்ஜியத்தில் 1,054 பேரை ஆராய்ந்து 2019-இல் வெளியான ஆய்வில், மனச்சோர்வு உள்ளவர்களிடம் காப்ரோகாக்கஸ், டயலிஸ்டர் பாக்டீரியாக்கள் குறைவாக இருந்தன. சோர்ந்தவர் சரியாகச் சாப்பிடாததால் குடல் மாறியிருக்கலாமே என்று கேட்டால், கேள்வி நியாயமானது. இவ்வகை ஆய்வு அதற்கு விடை தராது. மருந்தும் போலி மருந்தும் கொடுத்து ஒப்பிடும் சோதனைதான் தரும். லண்டனில் நடந்து 2023-இல் வெளியான அப்படியொரு சோதனையில் புரோபயாடிக் குளிகை எடுத்தவர்களிடம் 8 வாரத்தில் சோர்வும் பதற்றமும் கூடுதலாகக் குறைந்தன. நம்பிக்கை தரும் முடிவுதான், ஆனால் பங்கேற்றவர்கள் 49 பேரே. அவர்கள் எல்லோரும் மனச்சோர்வு மாத்திரையை ஏற்கெனவே எடுத்துவந்தவர்கள். புரோபயாடிக் குளிகையை அதோடு சேர்த்தார்கள், அதற்குப் பதிலாக அல்ல. மாத்திரையை நிறுத்திவிட்டுத் தயிருக்கு மாற நினைப்பவர் முதலில் மருத்துவரிடம் பேச வேண்டும். மனம் தாங்காத நேரத்தில் அரசின் டெலி மானஸ் எண் 14416-ஐ இலவசமாக அழைக்கலாம்.