ஹாரன் அடிக்கவில்லையா? முதலில் ஃபியூஸைப் பாருங்கள்

ஹாரன் அடிக்கவில்லை. லைட் எரியவில்லை. உடனே வண்டியைத் தள்ளிக்கொண்டு மெக்கானிக் கடைக்குப் போகிறோம். காசு செலவாகிறது. அன்றைய கூலியும் போகிறது. கொஞ்சம் பொறுங்கள். மோட்டார் சைக்கிளில் வரும் கரண்ட் கோளாறுகளில் பல சின்னக் கோளாறுகள்தான். அவற்றை நாமே பார்க்கலாம்.

வண்டிக்குக் கரண்ட் கொடுப்பது பேட்டரி. இது நமக்குப் புதிய பொருள் அல்ல. நம் பங்காருபாளையம் மண்டலத்தில் உள்ள நூனேகுண்ட்லபல்லியில் அமரராஜா கம்பெனியின் பேட்டரி தொழிற்சாலை இருக்கிறது. பேட்டரிக்குள் ஆறு அறைகள் உண்டு. ஓர் அறைக்கு 2 வோல்ட். ஆறும் சேர்ந்து 12 வோல்ட். உள்ளே ஈயத் தகடுகளும் ஆசிட்டும் இருக்கின்றன. வண்டி ஓடும்போது இன்ஜின் அதற்குச் சார்ஜ் ஏற்றும்.

பேட்டரியின் பிளஸ் முனையிலிருந்து ஒயர் வழியாகக் கரண்ட் போகிறது. பல்பை எரிக்கிறது. பிறகு வண்டியின் இரும்பு உடம்பு வழியாக மைனஸ் முனைக்குத் திரும்புகிறது. இதைத்தான் எர்த் என்கிறார்கள். போகும் வழியிலோ வரும் வழியிலோ துரு பிடித்தால், ஒயர் அறுந்தால், வேலை நின்றுவிடும். கால்வாய் அடைத்துக்கொண்டால் வயலுக்குத் தண்ணீர் வருமா? அதற்காக மோட்டாரையே மாற்றுவோமா?

சீட்டுக்கு அடியிலோ பக்க மூடிக்குள்ளோ ஒரு சின்னப் பெட்டி இருக்கும். அதில்தான் ஃபியூஸ் இருக்கிறது. சாவியை ஆஃப் செய்துவிட்டு அதை எடுங்கள். வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். உள்ளே ஒரு மெல்லிய கம்பி தெரியும். கரண்ட் அளவுக்கு மீறினால் அந்தக் கம்பி உருகி அறுந்துவிடும். தான் போய், வண்டியைக் காப்பாற்றும்.

அறுந்திருந்தால் புதியது போடுங்கள். ஒரு டீ குடிக்கிற காசுதான் ஆகும். பழைய ஃபியூஸில் எண் எழுதியிருக்கும். 10 என்றால் 10 தான் போட வேண்டும். 15 என்றால் 15. இப்போது நமக்கு எண் படிக்கத் தெரியும். கடைக்காரர் எதைக் கொடுத்தாலும் பார்த்து வாங்கலாம்.

சிலர் ஃபியூஸுக்குப் பதிலாக சிகரெட் பெட்டியில் இருக்கும் ஜிகினாத் தாளைச் சுற்றுகிறார்கள். சிலர் செம்புக் கம்பி போடுகிறார்கள். வண்டி ஓடும்தான். ஆனால் ஒயர் உரசி இரும்பில் பட்டால் அந்தக் கம்பி சீக்கிரம் அறுந்துவிடாது. ஒயர் சூடாகி எரியும். பக்கத்திலேயே பெட்ரோல் டேங்க் இருக்கிறது! டீ காசை மிச்சம் பிடித்து வண்டியைக் கொளுத்தலாமா?

புதிய ஃபியூஸும் உடனே போய்விட்டதா? இன்னொன்று போடாதீர்கள். எங்கோ ஒயரின் தோல் உரிந்திருக்கிறது. ஹேண்டில் திரும்பும் இடத்தைப் பாருங்கள். தினமும் மடங்கி மடங்கி ஒயர் அங்கேதான் கெடும். ஹேண்டிலைத் திருப்பும்போது லைட் அணைந்து அணைந்து எரிந்தாலும் கோளாறு அங்கேதான். உரிந்த இடத்தில் இன்சுலேஷன் டேப் சுற்றலாம்.

செல்ஃப் பட்டனை அழுத்தினால் 'டக் டக்' என்று மட்டும் கேட்கிறதா? பேட்டரியில் சார்ஜ் குறைந்திருக்கலாம். முனைகள் லூசாகவும் இருக்கலாம். முனையில் வெள்ளையாக, பச்சையாகப் பூத்திருந்தால் கழற்றிச் சுத்தம் செய்யுங்கள். முதலில் மைனஸைக் கழற்றுங்கள். மாட்டும்போது மைனஸைக் கடைசியில் மாட்டுங்கள். ஏன் தெரியுமா? மைனஸ் மாட்டியிருக்கும்போது பிளஸில் வைத்த ஸ்பேனர் வண்டியின் இரும்பில் பட்டால் பெரிய தீப்பொறி பறக்கும். வெந்நீரில் ஆப்ப சோடா கலந்து, பழைய பல் பிரஷ்ஷால் தேயுங்கள். சோடாத் தண்ணீர் பேட்டரிக்குள் போகக் கூடாது. துடைத்துக் காயவிட்டு, முறுக்கி மாட்டி, மேலே கொஞ்சம் கிரீஸ் தடவுங்கள்.

பக்கத்தில் பீடி வேண்டாம். பேட்டரியிலிருந்து வரும் வாயு தீப்பிடிக்கும். ஆசிட் கண்ணில் பட்டால் நெடுநேரம் தண்ணீரால் கழுவிக்கொண்டே இருங்கள். பிறகு ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

மூடி திறக்கும் பேட்டரி என்றால் மேல் கோடு வரை டிஸ்டில்டு வாட்டர் ஊற்றலாம். போர் தண்ணீர் ஊற்றாதீர்கள். அதில் உள்ள உப்பு தகடுகளைக் கெடுக்கும். மூடி இல்லாத பேட்டரியைத் திறக்கவே கூடாது.

ஒரு பக்க இண்டிகேட்டர் மட்டும் படபடவென்று வேகமாக அடித்தால், பெரும்பாலும் அந்தப் பக்கம் ஒரு பல்பு போயிருக்கும். பல்பை மட்டும் மாற்றுங்கள்.

2020 ஏப்ரல் முதல் விற்பனைக்கு வந்த பி.எஸ்.6 வண்டிகள் வேறு மாதிரி. அவற்றில் பெட்ரோல் போகும் அளவைக்கூட ஒரு சின்னக் கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்கிறது. ஃபியூஸ், பல்பு, பேட்டரி முனை, இவ்வளவோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஒயரை வெட்டி ஒட்டினால் அந்தக் கம்ப்யூட்டர் கெட்டுப்போகலாம். பிறகு ஆயிரக்கணக்கில் செலவாகும்.

பேட்டரி முழுதாகச் செத்துவிட்டால் அதை உடைக்காதீர்கள். வீட்டில் போட்டும் வைக்காதீர்கள். ஈயம் விஷம். குழந்தைகளின் மூளையைப் பாதிக்கும். பழைய பேட்டரியைத் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும் என்று 2001-லேயே விதி வந்தது. 2022-இல் புதிய விதிகள் வந்தன. ஆகவே பழையதைக் கடையில் கொடுத்து, புதியதன் விலையில் கழித்துக்கொள்ளச் சொல்லுங்கள். தேதி போட்ட பில் கேட்டு வாங்குங்கள். வாரண்டி கேட்கப் போகும்போது அந்தப் பில் வேண்டும்.