கொடி இன்றைக்கு எத்தனை லிட்டர் குடித்தது?

கம்பத்தில் பன்னீர் திராட்சைப் பந்தல் வைத்திருப்பவரிடம், எவ்வளவு நேரம் தண்ணீர் விடுவீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். "கரண்ட் இருக்கிற வரைக்கும்" என்பார். கொடிக்கு எவ்வளவு வேண்டும் என்பதை வானிலையை வைத்தே கணக்கிடலாம்.

எப்படி? வெயிலும் காற்றும் மண்ணிலிருந்தும் இலையிலிருந்தும் நீரை இழுக்கின்றன. அந்த இழுவையை அளக்க, வானிலை நிலையங்களில் சுமார் 120 செ.மீ. அகலத் தொட்டி ஒன்றில் நீர் நிரப்பி, தினமும் எத்தனை மி.மீ. குறைந்தது என்று குறிப்பார்கள்.

அதை வைத்து நான் என்ன செய்ய? 6 மி.மீ. குறைந்ததாக வையுங்கள். திறந்த தொட்டி செடியைவிட வேகமாக வற்றும், அதனால் 0.7-ஆல் பெருக்குங்கள்: 4.2. அடுத்து பயிர்க் கெழு (பயிரின் பருவத்துக்கேற்ற பெருக்கல் எண்). பந்தல் மூடி, காய் பருக்கும்போது திராட்சைக்கு அது சுமார் 0.85. விடை ஏறத்தாழ 3.6 மி.மீ.

மில்லிமீட்டரை மோட்டார் ஓடும் நேரமாக மாற்றுவது எப்படி? ஒரு சதுர மீட்டரில் 1 மி.மீ. என்றால் 1 லிட்டர். 3 மீட்டருக்கு 2 மீட்டர் இடைவெளியில் நட்டிருந்தால் கொடிக்கு 6 சதுர மீட்டர். ஆக 21 லிட்டருக்குச் சற்று மேல். சொட்டுநீரிலும் கொஞ்சம் வீணாகும், 24 என்று வையுங்கள். மணிக்கு 4 லிட்டர் விடும் டிரிப்பர் இரண்டு இருந்தால் மூன்று மணி நேரம்.

கவாத்து செய்து இலையில்லாமல் நிற்கும் கொடிக்கு? கெழு 0.3-க்கு இறங்கிவிடும். அதே வெயிலில் ஒரு மணி நேரம் போதும். பலர் கோட்டை விடுவது இங்கேதான்.

மின்சாரம் இலவசம்தானே, கூடப் போனால் என்ன? போட்ட உரம் வேருக்குக் கீழே இறங்கிவிடும். பழுக்கும் நேரத்தில் தண்ணீர் மிஞ்சினால் பழம் வெடிக்கும், இனிப்பும் குறையும். அறுவடைக்கு ஒரு வாரம் முன்பே தண்ணீரை நிறுத்தச் சொல்வது அதனால்தான்.

மழை பெய்தால்? 10 மி.மீ. மழை கொடிக்கு 60 லிட்டர். மோட்டாருக்கு இரண்டு நாள் ஓய்வு. 2 மி.மீ. தூறல் இலையை நனைத்ததோடு சரி, அதைக் கழிக்காதீர்கள்.

ஆடியில் மட்டும் கவனம். மலைக் கணவாய் வழியாக வரும் காற்று குளுகுளுவென்று இருக்கும், வானமும் மூடியிருக்கும். தண்ணீர் தேவைப்படாது என்று தோன்றும். ஆனால் அந்தக் காற்றே இலையிலிருந்து நீரை உறிஞ்சிக்கொண்டு போகும். சந்தேகம் வந்தால் டிரிப்பருக்கு அருகே ஒரு சாண் தோண்டி, மண்ணைப் பிடித்துப் பாருங்கள். உருண்டை பிடிக்காமல் உதிர்ந்தால் மறுநாள் அரை மணி நேரம் கூட்டி ஓட்டுங்கள்.